அட்டையில் அறம்! அடுப்பில் பூனை!

உழவர்கரையில் ஒரு மாலை நேரம். பத்திரிகைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தோம். மில் மூடப்பட்டு வேலை இழந்த தோழர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்றோம். தோழர் வீட்டில் இல்லை. ஏதோ ஒரு கட்டடத்திற்கு இரவுக் காவலுக்குப் போய்விட்டார். திண்ணையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவருடைய துணைவியார். அவரைச் சுற்றிலும் தைத்து முடித்த தோள்பைகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

சாதாரணப் பைகள் அல்ல அவை. கைத்தறித் துணி, செடிச் சாயம், தேங்காய் ஓட்டில் கடைந்த பொத்தான். பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஒவ்வொரு பையின் வாரிலும் பழுப்பு நிற அட்டை ஒன்று சணல் கயிற்றில் தொங்கியது. அட்டையில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

"தோழர், இதுலே என்னதான் எழுதியிருக்கு? பொண்ணைக் கேட்டா, நல்ல வார்த்தைதாம்மா எழுதியிருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுறா" என்றார் அவர்.

வாசித்துச் சொன்னோம். "அக்கா, இந்தப் பை நீதியான முறையில் செய்யப்பட்டதாம். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காததாம். இதைச் செய்த கைகளை மதிக்கிறதாம்." அட்டையைத் திருப்பினோம். பின்பக்கம் விலை இருந்தது: 2,800 ரூபாய்.

அவர் மெஷினை நிறுத்தினார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கையை மதிக்குதாம் தோழர்?" என்று கேட்டார்.

ஒரு பை தைக்க அவருக்குக் கிடைப்பது 45 ரூபாய். அந்த அட்டையைக் கட்டுவதும் அவர் வேலைதான். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று நாம் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது சொல்ல முயல்கிறோம். வேலை கொடுத்தவர் பெயர் இங்கே முக்கியமல்ல. ஒரு நபரை ஏசித் தீர்த்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடாது. நாம் பேசுவது முறையைப் பற்றி.

கணக்கைப் பார்ப்போம்

விடியற்காலையில் உட்கார்ந்தால், சமையல், தண்ணீர், பிள்ளை குட்டி எல்லாவற்றுக்கும் நடுவே, இரவு பத்து மணிக்குள் 6 பை தைக்கலாம். கூலி 270 ரூபாய். நூல் அவருடையது. ஊசி அவருடையது. மெஷினுக்கு எண்ணெய், கரண்ட் பில், எல்லாம் அவர் தலையில். மெஷின் ரிப்பேரானால் அன்றைய கூலி போயிற்று.

கிராமத்தில் 100 நாள் வேலைக்கு மண்வெட்டி பிடித்த விவசாயத் தொழிலாளிக்கு, 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். அதுவே குடும்பம் நடத்தப் போதாது என்று நாம் போராடி வந்திருக்கிறோம். அந்தக் கூலிகூட எட்டாத இடத்தில் இருக்கிறார் 'மதிக்கப்பட்ட கை'க்குச் சொந்தக்காரர்!

மாதம் 25 நாள் ஓயாமல் தைத்தால் 150 பை. அவருக்குக் கிடைப்பது 6,750 ரூபாய். கடையில் அந்தப் பைகளின் விலை 4,20,000 ரூபாய். 150 பை தைத்தவர் அதில் 3 பையை வாங்க முடியாது. நூற்றுக்கு 2 ரூபாய்கூடத் தைத்த கைக்குப் போய்ச் சேரவில்லை.

மீதி முழுவதும் கொள்ளை லாபம் என்று நாம் சொல்லவில்லை. துணி வாங்க வேண்டும், சாயம் போட வேண்டும், கடை வாடகை கொடுக்க வேண்டும். அதெல்லாம் உண்மையே. ஆனால் துணிக்காரனோடு பேரம் பேசி எழுதிக்கொள்கிறார்கள். கடைக்காரனோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். தைக்கிறவரிடம் மட்டும் பேரமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. "இதுதான் ரேட்டு, இஷ்டமிருந்தால் எடு" என்பதே அங்கே சட்டம். இது எந்த நீதி?

யார் இவர்கள்?

பெரிய ஆலை வைத்திருக்கும் முதலாளிகள் அல்லாமல், தனியாக நின்று டிசைன் போட்டு, பை, பெல்ட், செருப்பு, காதணி, கழுத்துமணி போன்றவற்றைச் சிறு அளவில் செய்து விற்பவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். மண்ணைக் கெடுக்காத பொருள், செய்பவருக்கு நியாயமான கூலி, இவ்விரண்டும் தங்கள் கொள்கை என்கிறார்கள். இத்தொழிலுக்குப் புதுச்சேரிப் பக்கம் பெயர் பெற்ற இடம்.

1978இல் திலீப் கபூர் என்பவர் இங்கே ஒரு சிறிய பட்டறையில் தோல் பை செய்ய ஆரம்பித்தார். அதுதான் ஹைடிசைன் என்ற பெயரில் வெளிநாடுகள் வரை போயிற்று. மரப்பட்டையைக் கொண்டு பதனிட்ட தோல் அதன் அடையாளம். 1997இல் ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்ற டிசைனர் உபாசனா என்ற துணிப் பட்டறையைத் தொடங்கினார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலோரக் கிராமங்களின் மீனவப் பெண்கள் அங்கே துணி வெட்டில் மிஞ்சிய துண்டுகளிலிருந்து 'சுனாமிகா' என்ற சிறு பொம்மை செய்யக் கற்றார்கள். அதே காலத்தில் தோன்றிய வெல்பேப்பர் என்ற அமைப்பில், சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பழைய செய்தித்தாளை முறுக்கிக் கூடையும் பையும் மணிமாலையும் செய்கிறார்கள்.

பம்பாய் தாராவியில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் தொடங்கிய 'சமார் ஸ்டூடியோ'வையும் சொல்ல வேண்டும். 2015இல் மகாராஷ்டிர அரசு மாட்டிறைச்சித் தடையைக் கடுமையாக்கியது. தோல் வேலை செய்து பிழைத்த தலித் தொழிலாளர் பலர் பிழைப்பை இழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதிலாக பழைய ரப்பரிலிருந்து செய்த தகட்டில் அவர் பை செய்தார். வடநாட்டில் வசைச் சொல்லாக வீசப்படும் சாதிப் பெயரையே, தலை நிமிர்ந்து தன் சரக்குக்குப் பெயராக வைத்தார். இதை நாம் பாராட்டுகிறோம்.

நாம் சென்ற வீட்டுக்கு வேலை கொடுத்தவர் இவர்களில் எவரும் அல்லர். இவர்கள் பெயரைச் சொல்வது, இந்தத் தொழில் நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று காட்டத்தான்.

விஷம் முதலில் யாரைக் கொல்கிறது?

"மண், தண்ணீர், சுற்றுச்சூழல் என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இது தவறான அபிப்பிராயம்.

தோல் பதனிடுவதை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட குழியில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரு நாள் இரண்டு நாளில் முடிந்தது. முதலாளிக்குப் பணம் சீக்கிரம் புரண்டது. கழிவு எங்கே போயிற்று? பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் வயலுக்கும் போயிற்று. வேலூர் மாவட்டத்தில் பாழான நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பு வாங்கினார்கள். அதற்குப் பிறகும் என்ன நடந்தது? 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலாற்றைக் கொன்றது. ஆற்றை நம்பிய விவசாயி நிலத்தை இழந்தார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைத் தொழிலாளி வேலையை இழந்தார். சாயத்தில் லாபம் பார்த்தவன் எதை இழந்தான்?

ஆகவே விஷமில்லாத சாயம், மரப்பட்டைத் தோல், வீணாகாத துணி ஆகியவை சீமாட்டிகளின் பொழுதுபோக்கு அல்ல. சாயத் தொட்டியில் கை விடுகிறவனும், அந்தத் தண்ணீரில் நாற்று நடுகிறவளும் நம் மக்கள். இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்ப வேண்டியவர்கள் நாம். இந்த டிசைனர்கள் எழுப்பினால் நாம் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆற்றின் மேல் இருக்கும் கருணை, தைக்கிற கையின் மேல் ஏன் வரவில்லை?

சான்றிதழும் சாவும்

நாகரிகத்திற்கும் உழைப்பாளியின் உயிருக்கும் உள்ள கணக்கு புதிதல்ல. 1863 ஜூன் மாதம் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுப் பெண் இறந்தாள். பிரபுக் குலத்துச் சீமாட்டிகளுக்கு உடை தைத்துக் கொடுக்கும் பெயர் பெற்ற தையற்கூடத்தில் வேலை செய்தவள். புதிதாக வந்த இளவரசிக்கு நடனவிருந்து. சீமாட்டிகளுக்கு உடனே உடை வேண்டும். அறைக்கு 30 பேர் வீதம் 60 பெண்களோடு உட்கார்ந்து, 26½ மணி நேரம் இடைவிடாமல் தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை மாண்டாள். மார்க்ஸ் 'மூலதன'த்தில் இந்தப் பெண்ணின் கதையைப் பதிவு செய்திருக்கிறார். அந்த விருந்தில் ஆடியவர்களின் பெயரை உலகம் மறந்துவிட்டது. தைத்து மாண்டவளின் பெயர் நிற்கிறது.

"அது அந்தக் காலம். இப்போது சோதனை செய்து சான்றிதழ் கொடுக்கிறார்கள்" என்பார்கள். சரி, சான்றிதழையும் பார்ப்போம். 2012 செப்டம்பர் 11. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலையில் தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி. வெளியேற வழியில்லை. 250க்கு மேற்பட்ட தொழிலாளர் கருகினார்கள். தொழிலாளர் நலனில் குறைவில்லை என்று சொல்லும் சர்வதேசச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன! மறு வருடம் ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சுவரில் விரிசல் கண்டு "உள்ளே போகமாட்டோம்" என்று முந்தின நாளே தொழிலாளர் சொல்லியிருந்தார்கள். அவர்களை மிரட்டி உள்ளே அனுப்பினார்கள்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். விரிசலைக் கண்டவர்கள் தொழிலாளர்கள். ஆனால் "மாட்டோம்" என்று சொல்லி நிலைத்து நிற்பதற்கு அவர்களுக்குச் சங்கம் இல்லை. காகிதத்தை எழுதுகிறவன் ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறான். தொழிலாளி தினந்தோறும் அங்கே இருக்கிறான். எனவே நீதியைச் சோதிக்கத் தகுதியுள்ளவர் தொழிலாளி ஒருவரே.

இதற்கு நம் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் நன்னடத்தை விதிகள் அங்கே இல்லாமலா இருந்தன? இருந்தன, சுவரில்! அந்தப் பெண்ணின் குடும்பமும், பெண்களே முன்னின்று நடத்தும் டி.டி.சி.யூ. என்ற தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கமும் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும், துணி வாங்கும் எச் அண்டு எம் கம்பெனியையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். பெண்களுக்கு எதிரான கொடுமையைத் தொழிலாளரே கண்காணித்துப் புகார் செய்யலாம், பழிவாங்கக் கூடாது, மீறினால் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அட்டையால் வராதது சங்கத்தால் வந்தது!

சிறிய டிசைனர் நமக்குப் பகைவரா?

இல்லை. அவசரப்பட்டு அப்படிச் சொல்வது அறிவுடைமையாகாது. இவர்களில் பலர் படித்த இளைஞர்கள், இளம் பெண்கள். கடன் வாங்கித் தொழில் செய்கிறார்கள். தாமே துணி வெட்டுகிறார்கள், தாமே மூட்டை தூக்குகிறார்கள். கடைக்காரரின் கமிஷன் ஒரு பக்கம் நெரிக்கிறது. இவர்கள் மாதக்கணக்கில் யோசித்துப் போட்ட டிசைனைப் பெரிய கம்பெனி ஒரு வாரத்தில் நகல் எடுத்து மலிவாகக் கொட்டுகிறது. மூலதனத்தின் செக்கில் இவர்களும் அரைபடுகிறார்கள்.

நல்ல எண்ணத்தோடு ஆரம்பிப்பது ஒன்று, சந்தையில் நிலைத்து நிற்பது வேறு. வளர்ந்தால் பெரிய மூலதனத்தின் கண் படுகிறது. 1954இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. 2007இல் ஹைடிசைன் கம்பெனியில் பிரான்சின் லூயி வித்தோன் குழுமம் ஒரு பங்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. கொடி போன வழியிலேயே மூலதனம் திரும்பி வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம். வளராவிட்டாலோ, கடன் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை டிசைனர் யார் மேல் இறக்குகிறார்? தனக்குக் கீழே, திண்ணையில் இருக்கும் பெண்ணின் மேல் இறக்குகிறார். அவர் மனம் கெட்டவர் என்பதால் அல்ல. அந்த ஒருவர்தான் எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறார் என்பதால்!

இந்த நெருக்கடியை நேர்மையோடு எதிர்கொண்ட ஒரு டிசைனர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெயர் வில்லியம் மாரிஸ். 1834இல் பிறந்து 1896இல் மறைந்தவர். திரைச்சீலை, சுவர்க் காகிதம், நெசவு, அச்சு என்று தொட்டதெல்லாம் அழகாகச் செய்தவர். செடிச் சாயத்தில் தானே கை நனைத்தவர். கையால் செய்த நல்ல பொருள் ஏழைக்கு எட்டாமல் பணக்காரன் வீட்டுக்கே போய்ச் சேர்கிறதே என்ற வேதனை அவரை அரித்தது. கடைசியில் 1883இல் சோஷலிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். தெருமுனையில் நின்று பேசினார், பத்திரிகை விற்றார். அழகான பொருள் வேண்டுமானால், அதைச் செய்கிறவன் வாழ்க்கை அழகாக வேண்டும். அதற்குச் சமுதாயத்தையே மாற்ற வேண்டும். இந்த முடிவுக்கு வந்த டிசைனர் அவர். நம் ஊர் டிசைனர்கள் அவரிடமிருந்து சாயம் போடுவதை மட்டும் கற்றால் போதாது.

தோல் தொட்டவனும் தோல் விற்பவனும்

இதில் சாதியின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டு, ஊருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவனைச் சேரியில் ஒதுக்கி வைத்தது இந்தச் சமுதாயம். அவன் தொட்ட தோல் தீட்டு. அதே தோல் கண்ணாடிக் கடைக்குள் போய்விட்டால் கௌரவம்! 2025 ஜூன் மாதம் இத்தாலிய பிராடா கம்பெனி, மிலான் நகரத்து ஆடை விழாவில் நம் நாட்டுக் கோலாப்பூர்ச் செருப்பை அணிவித்துக் காட்டியது. செய்தவர்கள் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. கண்டனம் எழுந்த பிறகே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், மகாராஷ்டிர, கர்நாடகத் தொழிலாளரைக் கொண்டு 2,000 ஜோடி செய்விப்போம், ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்போம் என்று அறிவித்தது. செருப்பின் பெயர் காப்பாற்றப்பட்டது. நல்லது. செய்தவன் கூலி? அதைப் பற்றி விளம்பரம் எவ்வளவு தூரம் பேசுகிறது என்று பாருங்கள். கைவினை, பாரம்பரியம் என்று புகழும் பேச்சு, அந்தப் பாரம்பரியத்தில் இருந்த தீண்டாமையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

நம் குறையும் இருக்கிறது

பிறரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரித் தொழிலாளி வர்க்கம் சாமானியமான வர்க்கம் அல்ல. 1936 ஜூலை 30இல் பிரெஞ்சுப் படை சவானா மில் தொழிலாளர் மீது சுட்டது. 12 தோழர்கள் இரத்தம் சிந்தி மாண்டார்கள். தோழர் வ. சுப்பையா வழிகாட்டினார். அந்த இரத்தத்திற்குப் பதிலாக 1937இல் 8 மணி நேர வேலைச் சட்டத்தைப் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் கையிலிருந்து பறித்தோம்.

அந்த மில்கள் இன்று எங்கே? 1898இல் தொடங்கி ரோடியர் மில் என்று பெயர் விளங்கிய ஏ.எஃப்.டி. மில், 2011 டிசம்பர் 30இல் அடித்த 'தானே' புயலில் சிதைந்தது. அதைச் சீர்செய்து ஓட்ட மனமில்லாமல் 2020 ஏப்ரல் 30இல் மூடிவிட்டார்கள். அங்கே நெய்த தோழர் இன்று காவலாளி. அவர் துணைவியார் திண்ணையில் பை தைக்கிறார். உழவர் பெயரையே தாங்கிய உழவர்கரையில் வயல் மனைக்கட்டாகிவிட்டது. நாற்று நட்ட கை ஊசி பிடிக்கிறது.

மில்லில் அந்தத் தோழருக்கு 8 மணி நேரம் இருந்தது, பி.எஃப். இருந்தது, இ.எஸ்.ஐ. இருந்தது, போனஸ் இருந்தது. அதே வீட்டில் அவர் துணைவியாருக்கு ஒன்றும் இல்லை. 1937இல் மில் வாசலுக்கு வந்த 8 மணி நேரம், இத்தனை ஆண்டுகளாகியும் திண்ணைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? மில் கேட்டில் நின்று சங்கம் கட்டத் தெரிந்த நமக்கு, திண்ணையில் உட்கார்ந்து சங்கம் கட்டத் தெரியவில்லை. கேட்டைப் பூட்டிய பிறகும் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தொழிற்சாலை சுக்கு நூறாக உடைந்து வீடு வீடாகப் போய் உட்கார்ந்ததை நாம் கவனிக்கவில்லை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் தைக்கிறார்கள்" என்று தோழர்களே பேசுகிறோம். விடியலிலிருந்து இரவு பத்து மணி வரை தைப்பது சும்மா இருப்பதா? முதலாளி சொல்ல வேண்டிய பொய்யை நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இது நம் சுயவிமர்சனம்.

பீடித் தொழிலாளி காட்டிய வழி

வீட்டில் வேலை செய்கிறவருக்குச் சட்டம் போட முடியாது என்பது வெறும் சாக்கு. வீட்டில் பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு 1966இலேயே பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று நிர்ணயம் வந்தது. அடையாள அட்டை வந்தது, பி.எஃப். வந்தது. தானாக வரவில்லை, போராடி வந்தது.

கேரளத்தில் அந்தச் சட்டத்தை அமல் செய்ய மறுத்துப் பீடி முதலாளிகள் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அழுதுகொண்டிருக்கவில்லை. தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவையின் துணையோடு 1969இல் கண்ணூரில் தினேஷ் பீடி கூட்டுறவு சங்கத்தை நிறுவினார்கள். முதலாளி இல்லாமல் தொழில் நடந்தது, கூலியும் கொடுத்தது. பிற்காலத்தில் பீடிக்கு மவுசு குறைந்தபோது, அதே சங்கம் குடை, ஆயத்த ஆடை, உணவுப் பொருள் என்று புதுத் தொழில்களில் இறங்கியது. குடை தைக்கக் கூட்டுறவால் முடியுமென்றால், பை தைக்க முடியாதா?

இன்று காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. பீடிச் சட்டம் உள்ளிட்ட 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக மடித்து 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கியிருக்கிறது மத்திய அரசு. வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளருக்கும் சம உரிமை வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்பாட்டை, அதாவது 177ஆம் உடன்பாட்டை, இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஆகவே கேட்காமல் கிடைக்கப் போவதில்லை.

நாம் கேட்பது என்ன?

முதலாவது: பீஸ் ரேட்டை யாரும் இஷ்டத்துக்கு நிர்ணயிக்கக் கூடாது. ஒரு பை தைக்க எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று தைக்கிறவர் முன்னிலையில் கணக்கிட வேண்டும். 8 மணி நேரம் தைத்தால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் ரேட்டு வர வேண்டும். நூலும் கரண்டும் தனி.

இரண்டாவது: வேலை எடுத்த தேதி, எண்ணிக்கை, ரேட்டு, பணம் கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதிய கணக்குப் புத்தகம் தைக்கிறவர் கையில் இருக்க வேண்டும். அதுவே அவர் தொழிலாளி என்பதற்கு அத்தாட்சி. இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாவது: அட்டையில் நீதி என்று அச்சடிக்கிறவர், அதே அட்டையில் தையற்கூலி எவ்வளவு என்பதையும் அச்சடிக்க வேண்டும். துணியின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் எழுதுகிறவருக்கு இந்த ஒரு வரி கடினமல்லவே! நேர்மையான டிசைனர் இதற்கு அஞ்ச மாட்டார். அவருக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் அந்த வரியில் தெரிந்துவிடும்.

நான்காவது: மூடிக் கிடக்கும் மில்களின் கூடங்களை மனைத் தரகர்களிடம் கொடுக்காமல், தையற்பெண்களின் கூட்டுறவுக்குக் கொடுக்க வேண்டும். நல்ல வெளிச்சம், நல்ல மெஷின், குழந்தைகளுக்கு ஒரு காப்பகம். டிசைனர் அங்கே வந்து கூட்டுறவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். டிசைனுக்கு உரிய ஊதியத்தை அவரும் பெறட்டும். அறிவும் கையும் சமமாக உட்கார்ந்து பேசும் மேஜை அதுவாக இருக்கும்.

தோழர்களே!

மில் தொழிலாளத் தோழரே, உம் வீட்டுத் திண்ணையிலும் ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்கிறவருக்கும் சங்கச் சந்தா ரசீது எழுதுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழரே, அறுவடை இல்லாத நாளில் உம் மகள் எந்த ஏஜண்டின் கட்டைச் சுமந்து வருகிறாள், பீஸுக்கு என்ன ரேட்டு என்று கேளுங்கள். ஒரு தெருவில் 10 பேர் ஒரே ரேட்டுக்கு ஒத்துக்கொண்டு நின்றால், ஏஜண்டு பதினோராவது வீட்டைத் தேடுவான். 11 வீடும் ஒன்றானால் பேச வருவான்.

அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். "எந்தக் கையை மதிக்குதாம்?" என்று கேட்டாரே, இதோ பதில். அக்கா, அட்டை எந்தக் கையையும் மதிக்காது. தனியாக ஊசி பிடித்திருக்கும் வரை கைக்கு மதிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக் கையோடு சேர்ந்து உயரும்போதுதான் கைக்கு மதிப்பு வரும். 1936இல் உம் மாமனார் காலத்து மில் தொழிலாளிகள் அதைத்தான் செய்து காட்டினார்கள்.

அடுத்த வாரம் பத்திரிகையோடு மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போகிறோம். இந்த முறை பத்திரிகையோடு ஒரு ரசீதுப் புத்தகமும் நம் கையில் இருக்கும்.